காற்றைத் தள்ளும் விசிறி

தம்பி,

உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். என் கையெழுத்தைக் கண்டதும் உன் கண் அந்தச் செய்தியைத் தேடிக்கொண்டுதான் கீழே ஓடும் என்று எனக்குத் தெரியும். நானும் இருக்கிறேன். கொடிகாமத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்வளவில் எங்கள் பஸ் நிற்கிறது. அதற்குள்தான் குடியிருக்கிறோம். அம்மா பின் இருக்கையில் படுத்திருக்கிறாள். நான் ஸ்ரியறிங் வளையத்துக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு இதை எழுதுகிறேன். வெளியே மழை விடவில்லை. வகுப்பறைகளுக்குள் கால் வைக்க இடமில்லாமல் சனம் கிடக்கிறது. எங்களுக்கு ஒரு தகரக் கூரையாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன், முடியவில்லை.

நீ வெளிநாட்டிலிருந்து போட்ட கடிதத்தைக் கொழும்பிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து தந்தார். நாளைக்கு அவர் திரும்பிப் போகிறார். பதிலை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். தை மாதத்துக் கல்யாணத்தை நிறுத்திவிட்டாய் என்றும், எங்களைக் கொழும்புக்கு எடுத்த பிறகுதான் தாலி கட்டுவாய் என்றும் எழுதியிருக்கிறாய். அதை வாசித்தபோது எனக்குப் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது. நீ எங்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கினால் அந்தக் காத்திருப்புக்கு ஒரு முடிவு இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், உண்மையில் அம்மாவை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டிருந்தாய். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அதன் பிறகு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பஸ்ஸை உனக்குத் தெரியும், ஆனால் அதன் இப்போதைய எஞ்சினைத் தெரியாது. நீ போன பிறகு பழைய எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பொருளாதாரத் தடை வந்தபின் எஞ்சினுக்கான ஒரு வளையம்கூடக் குடாநாட்டுக்குள் வரவில்லை. மரம் ஏற்றும் லொறி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் எஞ்சினை இறக்கி, தருமுவும் நானும் பஸ்ஸின் முகப்பை வெட்டி உள்ளே இருத்தினோம். தருமுவை நினைவிருக்கிறதா? எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முனையில் இரும்பு ஒட்டுவேலை செய்கிற தருமலிங்கம்தான். ஆறு சிலிண்டர் எஞ்சின், இழுவைக்குக் குறையில்லை. ஆனால் அவ்வளவு பலமுள்ள எஞ்சின் அவ்வளவு சூட்டையும் கக்கும். பஸ்ஸின் ரேடியேற்றரோ சின்னது. பெரியதை வைக்க இடமில்லை. அந்தக் குறையை நிரப்பியது ஆறு இலை உள்ள ஓர் இரும்பு விசிறி. வெளிக்காற்றை முன்னாலிருந்து இழுத்து, ரேடியேற்றருக்கூடாக எஞ்சினுக்குள் விடும். அது சுற்றுகிற சத்தத்தில் மாறுதல் கேட்டாலே பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பேன். மற்ற எதையும் கட்டி ஒட்டி ஓட்டலாம், அது இல்லாமல் ஓட்ட முடியாது.

ராணுவம் நெருங்குகிறது, ஊரை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போவதற்கு முதல் நாள், அந்த விசிறியின் ஓர் இலை வேரோடு முறிந்து பறந்தது. நல்ல வேளை, ரேடியேற்றரில் படவில்லை. ஓர் இலை குறைந்தால் விசிறி உதறத் தொடங்கி, தண்ணீர்ப் பம்பைக் கொன்றுவிடும். அதனால் எதிர்ப் பக்கத்து இலையையும் தருமு வெட்டி எடுத்தான். உதறல் நின்றது, காற்றும் குறைந்துபோனது. ஆஸ்பத்திரி வாசல் வரையான அந்தக் கொஞ்சத் தூரத்துக்கே சூடு காட்டுகிற ஊசி சிவப்பில் போய் நின்றது. ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்கிறாயா? அம்மா அங்கேதான் இருந்தாள். போன வருடம் வாதம் வந்து வலப்பக்கம் இழுத்ததிலிருந்து அவளுக்குப் பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கிழமை அது கூடிப்போய், வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்திருந்தார்கள். ஐந்தாறு கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி, ஒரேயொரு டொக்டர்.

மறுநாள் விடிய நான் போய்ப் பார்த்தபோது தெருவில் ஊரே நடந்துகொண்டிருந்தது. சைக்கிளில் கட்டிய பாய், பானை, ஆட்டுக்குட்டி, குழந்தை. வடக்கே ராணுவம் அடிக்கிற செல் விழுந்து வெடிக்கிற சத்தம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டக் கேட்டது. முதல் தொகை நோயாளிகளை ஏற்றிப்போன வாகனம் திரும்பி வரவில்லை. நடக்க முடியாதவர்கள் மட்டும் மிஞ்சிக் கிடந்தார்கள். அந்த டொக்டர் உன் வயதுப் பிள்ளை. உறை போட்ட கையோடு வாசலுக்கு வந்து, "ஐயா, உங்கடை பஸ் ஓடுமோ?" என்று கேட்டாள். அம்மாவையாவது கைவண்டியில் தள்ளிக்கொண்டு போவோமா என்றுதான் அந்த நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதை உனக்கு மறைக்க மாட்டேன்.

விசிறிக்கு எங்கே போவது? தருமு ஒரு காரின் மின்விசிறியைக் கொண்டுவந்தான். உள்ளங்கை அகலம்தான், அதைச் சுற்ற வைக்க நல்ல பற்றரியும் வேண்டும். இங்கே நல்ல பற்றரியைக் கண்டு எத்தனை காலம்! அப்போதுதான் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேற்றரின் சத்தம் என் காதில் விழுந்தது. போய்ப் பார்த்தேன். எங்கள் எஞ்சினின் சாதிதான். விசிறியும் எங்களுடையதன் அளவுதான், ஆணித் துளைகள்கூட ஒத்துவரும். முழுசாக ஆறு இலை. ஆனால் பக்கத்தில் நின்றபோது காற்று தவறான திசையில் வந்து என் முகத்தில் அடித்தது. ஜெனரேற்றர் நின்ற இடத்தில் நின்று ஓடுவது. அதன் சூட்டை அறைக்கு வெளியே தள்ளுவதற்காக அந்த விசிறியை மறுபக்கம் முறுக்கிச் செய்திருந்தார்கள். அது காற்றை இழுக்காது, தள்ளும்.

"திருப்பிப் பூட்டினால் என்ன?" என்று கேட்டேன். அவசரத்தில் வந்த கேள்வி.

"ஸ்குறூ ஆணியைத் தலைகீழாய்ப் பிடிச்சால் புரி மாறுமோ?" என்றான் தருமு. "எப்பிடிப் பூட்டினாலும் உது தள்ளத்தான் செய்யும். பஸ் ஓடேக்கை காத்து முன்னாலை இருந்து வரும், உது உள்ளுக்கை இருந்து தள்ளும். ரெண்டும் முட்டி ரேடியேற்றருக்குள்ளை காத்தே இராது. எஞ்சின் அவிஞ்சு போம். வேண்டாம், அண்ணை. எங்கடை நாலு இலையோடை போவம்."

நான் தெருவைக் காட்டினேன். "ஓடினால்தானே முன்காத்து? உந்தச் சனத்துக்குள்ளை ஆர் ஓடப்போறது? நடக்கிற வேகத்துக்கு எங்கடை நாலு இலை போதாது. தள்ளினால் என்ன, இழுத்தால் என்ன, காத்து ரேடியேற்றருக்குள்ளாலை போனால் சரிதானே?"

"சனம் விலகி றோட்டு வெறுமையானால்?"

"அப்ப பாப்பம்."

எனக்கு நிச்சயம் இருக்கவில்லை, தம்பி. தருமு பிழையாகச் சொல்லவில்லை. நல்ல றோட்டுக்கு அது கெட்ட விசிறிதான். ஆனால் என் முன்னால் நல்ல றோட்டு இருக்கவில்லை. பெரிய முடிவு என்று இப்போது நீ நினைக்கலாம். எனக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

டொக்டரிடம் போய்க் கேட்டேன். கதவை அரைவாசி திறந்து, "வயித்தைத் திறந்து வைச்சிருக்கிறன். தைச்சு முடியுமட்டும் ஒருத்தரும் ஜெனரேற்றரைத் தொடக்கூடாது" என்றாள். உள்ளே கிடந்தவர் சேவியர் என்ற மீன்பிடிகாரர். மயிலிட்டியை விட்டு ஓடிவந்து சில வருடமாக எங்கள் பக்கத்து முகாமில் இருந்தவர். குடல்வால் வெடித்திருந்தது. அவருடைய மனைவி திரேசா வாசல்படியில் செபமாலையோடு இருந்தாள். என் கையில் ஸ்பனரைக் கண்டதும், நான் அந்த வெளிச்சத்தை அணைக்க வந்தவன் என்று விளங்கி, எழும்பி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். செல் சத்தம் கிட்டக் கிட்ட வர, பஸ்ஸுக்குள் அம்மாவையும் மற்ற நோயாளிகளையும் ஏற்றி வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றோம். உள்ளே இருந்து "நிப்பாட்டுங்கோ" என்ற குரல் வந்ததும்தான் அவள் விலகினாள். ஜெனரேற்றர் ஆறும் வரை பொறுக்காமல் விசிறியைக் கழற்றி பஸ்ஸில் பூட்டினோம். சேவியரை வாங்குப் பலகையில் கிடத்தி ஏற்ற, திரேசாவும் டொக்டரும் தருமுவும் கூடவே ஏறினார்கள்.

எங்கள் நாலு இலை விசிறியை அவசரத்தில் அங்கேயே போட்டுவிட்டு, யாழ்ப்பாணம் வரை ஒரு மாதிரிப் போனோம். அதற்கப்பால் ஓடவில்லை, தவழ்ந்தோம். தென்மராட்சிக்குப் போக ஒரேயொரு றோட்டு, ஒரேயொரு பாலம், குடாநாட்டுச் சனத்தில் பாதி அதன் மேல். மழை ஊற்றியது. நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுவுக்குக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நின்றது. தள்ளுகிற விசிறி அந்தச் சூட்டையெல்லாம் பஸ்ஸின் முகப்பால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முன்னால் நனைந்து விறைத்து நடந்த சனத்தின் முதுகில் அந்த வெக்கை பட்டது. முதலில் ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் முன்னேறவில்லை, பஸ்ஸோடு ஒட்டியே நடந்தார். கொஞ்ச நேரத்தில் சின்னப் பிள்ளைகளை எல்லாம் பஸ்ஸுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு தாய் குழந்தையின் சட்டையைக் கழற்றி முகப்புக் கம்பியில் பிடித்துக் காயவைத்தபடி பின்பக்கமாக நடந்து வந்தாள். கதவைத் தட்டிக் கேட்டவர்களை நான் ஏற்றவில்லை. உள்ளே ஓர் ஆள் நிற்க இடமில்லை. அவர்களுடைய முகங்களைப் பார்க்காமல் இருக்க ஊசியையே பார்த்தேன். அந்த வெக்கை ஒன்றைத்தான் அவர்களுக்கு என்னால் கொடுக்க முடிந்தது.

அந்தத் தவழலில்தான் அம்மா உன் கல்யாணத்தைப் பற்றிக் கதைத்தாள். என் ஆசனத்துக்குப் பின்னால் கயிற்றால் கட்டி இருத்தியிருந்தேன். சொற்கள் குழறினாலும் எனக்கு விளங்கும். "கூறைச்சீலை வாங்கியிருப்பானோ?" என்றாள். இந்த நேரத்தில் இது என்ன கதை என்று எனக்குச் சினம் வந்தது. அவள் விடவில்லை. "எங்கடையைத் தள்ளிப்போட்டினம், நினைவிருக்கோ?" என்றாள். உனக்கு இதை நாங்கள் சொன்னதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு என் ஐயா இறந்துபோனார். வருடம் கழியட்டும் என்றார்கள். அந்த வருடம் முழுவதும் நான் கொழும்பில் வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் வேலை, அவள் இங்கே. அந்த வருடத்துக்குள் அவளுடைய அம்மாவும் கண்ணை மூடினார். மகளின் கல்யாணத்தைப் பார்க்க ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்த மனிசி. மரியாதைக்காகத் தள்ளிவைத்தது, கடைசியில் ஒருவருக்கும் மரியாதையாக முடியவில்லை. அம்மா அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. எண்பத்துமூன்று கலவரத்தில் எல்லாவற்றையும் கொழும்பில் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கியபோதுகூட, உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறுத்தது போதும், நாளைக்கே இவனைப் பள்ளிக்கூடத்திலை சேருங்கோ" என்றுதான் சொன்னாள். நல்ல காலம் வரட்டும் என்று காத்திருப்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

பாலம் தாண்டியதும் தருமு தன் குடும்பத்தைத் தேடி இறங்கிவிட்டான். இறங்கும்போது முகப்பில் கை வைத்துப் பார்த்து, "உன்ரை கணக்குச் சரிதான், அண்ணை. ஆனால் இனித்தான் கவனம்" என்றான். அவன் சொன்னதுபோலவே கைதடி கழிய, சனம் களைத்து இரு கரையிலும் இருந்துவிட்டது. றோட்டு வெளித்தது. அதே நேரம் பின்னாலிருந்து திரேசா கத்தினாள்: "அண்ணை, இவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போகுது! கெதியா விடுங்கோ!" டொக்டர் சேவியரின் மேல் குனிந்தபடி, "இரத்தம் ஏத்த வேணும். இஞ்சை வைச்சு என்னாலை ஏலாது" என்றாள். நான் மிதித்தேன். மிதித்த உடனேயே ஊசி எழும்பியது. முன்காற்றும் விசிறிக் காற்றும் முட்டிக்கொண்டன, தருமு சொன்னபடி அச்சொட்டாக. காலை எடுத்தால் ஊசி இறங்கியது, ஆனால் சேவியரின் உயிர் போய்க்கொண்டிருந்தது. மிதித்தால் எஞ்சின் போகும், எல்லோரும் நடுவழியில் நிற்போம். ஆவி ரேடியேற்றர் மூடிக்குள்ளால் சீறத் தொடங்க, ஓரத்தில் நிறுத்தினேன்.

விசிறியைக் கழற்றி எறிந்தால் முன்காற்று மட்டும் போதும், வேகமாக ஓடுகிற வரைக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் விசிறி இல்லாமல் அடுத்த சனக்கூட்டத்துக்குள் அகப்பட்டால் எஞ்சின் உடனேயே செத்துவிடும். சாவகச்சேரியில் என்ன நிலைமை, அதற்கப்பால் என்ன நிலைமை, ஒன்றும் தெரியாது. ஸ்பனரைப் பிடித்துக்கொண்டு, ஒரு முடிவும் எடுக்க முடியாமல், வாய்விட்டு அழுதேன், தம்பி. நீ என்னை அப்படிக் கண்டதில்லை.

"என்ன நிண்டிட்டியள்?" என்றாள் அம்மா.

"உந்த ஃபான் காத்தை மறிக்குது. கழட்டினால் ஓடலாம். ஆனால் பிறகு எங்கையும் நிக்க ஏலாது."

"இப்பவும் நிண்டு கொண்டுதானே இருக்கிறியள்" என்றாள். "கழட்டுங்கோ."

எஞ்சின் மூடியைத் தூக்கினேன். சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு நான்கு ஆணியையும் கழற்றினேன். கடைசி ஆணியில் சாக்கு நழுவி, இடது உள்ளங்கைத் தோல் அந்த இரும்போடு போய்விட்டது. திரேசா ஓடிவந்து விசிறியை வாங்கிச் சாக்கில் சுற்றி அம்மாவின் காலடியில் வைத்தாள். பிறகு நான் ஓட்டியதைப்போல ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஹோர்னில் இருந்து கையை எடுக்கவேயில்லை. சனம் கும்பலாக நின்ற ஒவ்வோர் இடத்திலும் டொக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஒப்பரேஷன் செய்த ஆள்! விடுங்கோ, விடுங்கோ!" என்று கத்தினாள். தங்களுடைய சாமானை இழுத்து வழிவிட்டார்கள். ஏச்சும் விழுந்தது, ஆனால் வழிவிட்டார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக மாற்றியிருக்கிறார்கள் என்று யாரோ கைகாட்ட, வாசல் அடைபட்டிருந்ததால் எஞ்சினை நிறுத்திவிட்டு, சேவியரை அந்த வாங்குப் பலகையோடு தூக்கிக் கொடுத்தோம். தலைக்கு மேலால், ஆள் மாறி ஆள் மாறி, அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துவிட்டார். இப்போது மெல்ல எழும்பி நடக்கிறார்.

அதோடு நல்ல செய்தி முடிந்தது. பின்னால் உழவு இயந்திரத்தில் அந்த ஜெனரேற்றரும் வந்து சேர்ந்தது. விசிறியை அதற்கே திருப்பிப் பூட்டிக் கொடுத்தேன், இப்போது அது இந்த வகுப்பறைகளுக்கு வெளிச்சம் தருகிறது. பஸ்ஸுக்கு விசிறி இல்லை. அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்துவிட்டது. டொக்டர் தன்னிடமிருந்ததைப் பாதி பாதியாக உடைத்துத் தந்தாள், அதுவும் முடிந்துவிட்டது. இனிக் கடலேரி கடந்து வன்னிக்குப் போக வேண்டும் என்று ஒரு பகுதி கிளம்புகிறது. வீட்டுக்குத் திரும்பலாம் என்று இன்னொரு பகுதி காத்திருக்கிறது. வள்ளத்தில் அக்கரை போகிற பயணத்தை அம்மா தாங்க மாட்டாள் என்கிறாள் டொக்டர். இங்கேயும் செல் வரத் தொடங்கினால், இந்தச் சனத்துக்குள் விசிறி இல்லாத பஸ்ஸை ஓரடி நகர்த்த முடியாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டி நிற்கிறேன். நீ கொழும்புக்கு வந்து நின்றாலும் உன்னால் இங்கே வர முடியாது, எங்களால் அங்கே வர முடியாது. நடுவில் நீ கட்டப்போகிற அந்தப் பெண்பிள்ளையும், அவளைப் பெற்றவர்களும் உனக்காகக் காத்துக்கொண்டு கிடப்பார்கள்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். புத்திமதி சொல்கிற நிலையில் நான் இல்லை, கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். கல்யாணத்தைத் தள்ளாதே. எல்லாம் சரிவந்த பிறகு என்று ஒரு காலத்தை நீ மனதில் வைத்திருக்கிறாய். அந்தக் காலத்துக்கு என்று உன் வாழ்க்கையைத் தெரிந்தெடுக்காதே. முன்னால் என்ன றோட்டுக் கிடக்கிறதோ அதற்குத் தெரிந்தெடு. அது மாறினால் மாறுகிற இடத்தில் இறங்கி, அதற்கு வேண்டியதைச் செய். கை சுடத்தான் செய்யும். அந்தப் பிள்ளையின் பெயரை அம்மா தினமும் சொல்லிப் பழகுகிறாள். நாக்கு ஒத்துவராமல் நடு எழுத்தில் வழுக்குகிறது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறாள்.

உன் கல்யாணத்தன்று நாங்கள் எங்கே இருப்போம் என்று எனக்குத் தெரியாது. இங்கேயா, அக்கரையிலா, ஏதாவது ஒரு மரத்தின் கீழா. எங்கே இருந்தாலும் அம்மாவைக் கழுவித் துடைத்து, திருநீறு பூசி, சாய்த்து இருத்துவேன். உங்கள் நாட்டு நேரத்தை எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது, அதனால் விடிந்ததிலிருந்தே கேட்கத் தொடங்கிவிடுவாள், "கட்டிப்போட்டானோ?" என்று. நான் "ஓம், கட்டிப்போட்டான்" என்று சொல்லப்போகிறேன். அவளுக்கு நான் இதுவரை பொய் சொன்னதில்லை. நீ என்னைப் பொய்யன் ஆக்கிவிடாதே, தம்பி.

உன் ஐயா